வெள்ளைக் கம்பி பற்றிப் பெறாமகளுக்கு

கனகபுரம்,
கிளிநொச்சி.

அன்புள்ள துசி,

நீ இரவு பதினொரு மணிக்கு அனுப்பின செய்திக்கு வாட்ஸ்அப்பில் குரலிலேயே பதில் போட்டிருக்கலாம். ஆனால் உன் போன் உன்னுடையது மட்டும் இல்லை என்று எனக்குத் தெரியும். அம்மா கேட்பா, தம்பி ஸ்பீக்கரில் போடுவான், பின்னேரத்துக்குள் புதுக்குடியிருப்புச் சந்தை வரைக்கும் கதை போய்விடும். அதனால்தான் கடிதம். நீ வேலை செய்கிற வங்கியின் விலாசத்துக்கே அனுப்புகிறேன். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஆறுதலாக வாசி.

நீ கேட்டது இரண்டு கேள்வி. செரமிக் கம்பி போட்டால் ஆருக்கும் தெரியாதாமே, உண்மையோ என்பது ஒன்று. சித்திரை வருசம் கழிய மாப்பிள்ளை வீட்டார் பார்க்க வருவதற்குள் அந்த வேட்டைப்பல்லு இறங்கிவிடுமோ என்பது மற்றது. இரண்டாவதுக்கு முதலில் சொல்லிவிடுகிறேன், அதில் யோசிக்க ஒன்றுமே இல்லை. இறங்காது.

பல்லுக்கும் தாடை எலும்புக்கும் இடையில் மெல்லிய நார்ப்படலம் ஒன்று இருக்கிறது. கம்பி பல்லை ஒரு பக்கமாய் அமத்தும்போது, அந்தப் பக்கத்து எலும்பைக் கரைக்கிற கலங்கள் அங்கே வந்து சேரும். இழுபடுகிற மற்றப் பக்கத்தில் புது எலும்பு கட்டுகிற கலங்கள் வேலை தொடங்கும். ஈரமண்ணில் சாய்ந்துபோன கதியாலைக் கயிறு போட்டு நாளுக்குக் கொஞ்சமாய் இழுத்து நிமிர்த்துவோமே, அந்தக் கணக்குத்தான். அவசரப்பட்டு ஒரேயடியாய் இழுத்தால் பல்லின் வேர் கரையத் தொடங்கும். மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீற்றர் நகர்ந்தால் நல்ல வேகம். உன் மாதிரி வாய்க்கு ஒன்றரை வருசம், இரண்டு வருசம் எடுக்கும். ஆறு மாதத்தில் முடித்துத் தாறம் என்று ஆராவது சொன்னால், முன்பல்லை மட்டும் வரிசையாக்கிக் காட்டுகிற வேலை அது. பின்னால் கடி சரியாய்ப் பொருந்துகிறதா என்று அதில் பார்ப்பதில்லை.

அந்தப் பல்லு ஏன் அவ்வளவு உயரத்தில் ஏறி நிற்கிறது என்று உனக்கு ஒருவரும் சொல்லவில்லை போல. 'அவளின்ர அப்பம்மாவின்ர பல்லு' என்று உன் அம்மா சொல்லுவா. அப்பம்மாவின் தலையில் ஏன் பழியைப் போடுவான்? யுத்தம் முடிந்த 2009இல் உனக்கு எட்டு வயது. அதற்கு முந்தின மாதங்கள் எல்லாம் கிளிநொச்சி, தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று ஒவ்வொரு இடமாய்க் கிளம்பிக் கிளம்பி, கடைசியில் கடற்கரை. பற்பசைக்கு எங்கே போவது? கரித்தூளும் உப்பும்தான். முகாமுக்கு வந்து சேர்ந்தபோது உன் மேல்வாயில் இரண்டு பக்கமும் பாற்கொடுப்புப் பல்லுகள் உக்கிப்போய் இருந்தன. இரவிலே கன்னத்தைப் பொத்திக்கொண்டு அழுவாய். முகாமுக்குள் வந்த நடமாடும் கிளினிக்கில் அவற்றைப் புடுங்கினார்கள். சீழ் கட்டின பல்லை அந்த நிலைமையில் புடுங்குவதைத் தவிர வேறு வழியில்லை. நான் நின்றிருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

ஆனால் பாற்பல்லுக்குச் சாப்பாடு அரைப்பதைவிட வேறொரு வேலையும் இருக்கிறது. பின்னால் வரப்போகிற பல்லுக்கு அது இடம் பிடித்து வைத்திருக்கும். ஆறு வயதில் முளைத்த உன் முதலாவது நிரந்தரக் கொடுப்புப் பல்லு, தனக்கு முன்னால் வெற்றிடத்தைக் கண்டவுடன் முன்னுக்கு நகர்ந்துவிட்டது. சாதாரண காலமாய் இருந்திருந்தால் அந்த இடம் மூடாமல் இருக்க ஒரு சின்ன வளையக் கம்பி போட்டிருப்போம். மேல்வாய் வேட்டைப்பல்லு பதினொன்று, பன்னிரண்டு வயதில்தான் இறங்கும். அது இறங்கின நேரம் வரிசையில் இடம் இல்லை. அதனால் வெளிப்பக்கமாய், முரசின் உயரத்தில் முளைத்தது. வலதுபக்கம் மோசம், இடதுபக்கம் கொஞ்சம் பரவாயில்லை.

பாடசாலைக் கிளினிக்கில் இத்தனை வருசம் 'பல்லு மிஸி'யாய் இருந்ததில் எனக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. உன் வயதுப் பிள்ளைகள் இப்போது ஆசிரியராய், கிராம அலுவலராய், கார்மென்ற்ஸ் வேலைக்காரராய் எதிரில் வந்து சிரிக்கும்போது, அந்த வருசங்களில் இவர் எங்கே இருந்திருப்பார் என்று பல்லைப் பார்த்து யோசிப்பேன். பல தடவை சரியாய்த்தான் இருக்கும். ஆகவே கம்பி போடுவது வெறும் வடிவுக்கு என்று ஆராவது நக்கலடித்தால் காதில் போடாதே. உயரத்தில் நிற்கிற பல்லுக்கு இடையில் தூரிகை போகாது, அழுக்குத் தேங்கும், அந்தப் பல்லின் மேல் முரசு மெலிந்து ஏறிக்கொண்டே போகும். இருபத்தைந்தில் செய்யாவிட்டால் நாற்பத்தைந்தில் அந்தப் பல்லுக்கே ஆபத்து.

இனி செரமிக் கதைக்கு வருவோம். தேத்தண்ணிக் கோப்பை செய்கிற பீங்கான் இல்லை இது. அலுமினியம் ஒட்சைட்டு, அலுமினா என்று சொல்வார்கள். இரத்தினபுரியில் தோண்டி எடுக்கிற நீலக்கல்லும் இதே பொருள்தான். துளியளவு இரும்பும் டைட்டானியமும் கலந்ததால் அதற்கு நீலம். குரோமியம் கலந்திருந்தால் சிவப்புக்கல். ஒன்றுமே கலக்காவிட்டால் நிறமில்லாமல் ஒளியை உள்ளே விடும். பல்லில் ஒட்டுகிற அந்தச் சின்னக் கட்டையை இதில் இரண்டு விதமாய்ச் செய்கிறார்கள். ஒரே பளிங்காய் வளர்த்து வெட்டி எடுப்பது ஒன்று. சில கிளினிக்குகளில் 'சபையர்' என்று விலை கூட்டிச் சொல்வது இதைத்தான். அலுமினாத் தூளை அச்சில் வார்த்து 1800 பாகைக்கு மேல் சுட்டு எடுப்பது மற்றது. அது கொஞ்சம் பால்நிறமாய் இருக்கும், பல்லோடு நன்றாய் ஒத்துப்போகும். உனக்கு அதுவே போதும்.

இதன் பூர்வீகத்தை நான் வாசித்தபோது புத்தகத்தைக் கொஞ்ச நேரம் மூடி வைத்தேன். 1970களின் தொடக்கத்தில் வெளியில் தெரியாத கட்டை வேண்டும் என்று பிளாஸ்ரிக்கில் செய்து பார்த்திருக்கிறார்கள். அது வாய்க்குள் கிடந்து நிறம் மாறி, கம்பியின் இழுவைக்கு வளைந்தும் போனது. இதற்கிடையில் அமெரிக்காவில் செரடைன் என்ற கம்பனி, நாசாவோடு சேர்ந்து, ஒளி ஊடுருவுகிற அலுமினாவை உருவாக்கியது. எதற்கு என்றால், வெப்பத்தைத் தேடிப் போகிற ஏவுகணைகளின் அகச்சிவப்புக் கருவியை மூடிப் பாதுகாக்க. பல் உபகரணம் செய்கிற யூனிற்றெக் கம்பனி, ஒளி ஊடுருவவும் வேண்டும், பலமாயும் இருக்கவேண்டும் என்று ஒரு சாமானைத் தேடித் திரிந்து, கடைசியில் அதையே எடுத்துப் பல்லுக்கு ஒட்டியது. 1980களின் பிற்பகுதியில் செரமிக் கம்பி சந்தைக்கு வந்தது இப்படித்தான். கட்டைக்கு ஊடாய் ஓடுகிற கம்பியின் கதையும் வேறில்லை. முதலில் போடுகிற மெல்லிய கம்பி நிக்கலும் டைட்டானியமும் கலந்த உலோகம். வளைத்தாலும் பழைய வடிவத்துக்குத் தானே திரும்பும். அமெரிக்கக் கடற்படையின் ஆயுத ஆய்வுகூடத்தில் வில்லியம் பியூலர் என்பவர் ஏவுகணையின் மூக்குக்கு ஏற்ற உலோகத்தைத் தேடப்போய்க் கிடைத்தது அது. 1970களில் ஜோர்ஜ் அன்ட்ரியாசன் என்ற பல்சீரமைப்புப் பேராசிரியர் அதை வாய்க்குள் கொண்டுவந்தார்.

பதுங்கு குழிக்குள் இருந்து வளர்ந்த உனக்கு இதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. தத்துவம் பேச அல்ல. அந்த அலுமினாவின் குணம் விளங்கினால்தான் மற்றதெல்லாம் விளங்கும். அது மிகவும் கடினம், ஆனால் நெகிழாது. கடினத்தை அளக்கிற மோஸ் அளவுகோலில் வைரம் 10, அலுமினா 9, உன் பல்லின் வெளிப்பூச்சான எனாமல் ஏறக்குறைய 5. உருக்குக் கட்டை அடிபட்டால் கொஞ்சம் வளையும். செரமிக் வளையாது, ஓரம் பறிந்து உடையும். இந்த ஒரு குணத்தில் இருந்துதான் நல்லதும் கெட்டதும் வருகிறது.

முதலாவது, கீழ்ப்பல்லு. வாயை மூடும்போது மேல்முன்பல்லு கீழ்ப்பல்லின் முன்பக்கத்தில் வந்து படும். அங்கே செரமிக் கட்டை இருந்தால், 9க்கும் 5க்கும் நடக்கிற சண்டையில் தேயப்போவது உன் மேல்பல்லுத்தான். தேய்ந்த எனாமல் திரும்ப வளராது. அதனால் பல வைத்தியர்கள் மேல்வாய்க்குச் செரமிக், கீழ்வாய்க்கு உலோகம் என்று போடுவார்கள். சிரிக்கும்போதும் கதைக்கும்போதும் தெரிவது பெரும்பாலும் மேல்வரிசைதானே. நீயும் அப்படியே கேள். கீழேயும் வெள்ளைதான் வேணும் என்று அடம்பிடிக்காதே.

அடுத்தது உரசல். உருக்குக் கட்டையில் கம்பி வழுக்கிக்கொண்டு போகும், செரமிக்கில் கொஞ்சம் பிடிக்கும். அதனால் சில நேரம் சிகிச்சை இழுபடலாம். சில வகைகளில் கம்பி ஓடுகிற வாய்க்காலுக்கு மட்டும் உள்ளே உலோகத் தகடு வைத்திருப்பார்கள். கிட்டப் பார்த்தால் மெல்லிய கோடு தெரியும், ஆனால் வேலை சுகமாய் நடக்கும்.

கட்டை ஒட்டுகிற நாளில் என்ன நடக்கும் என்றும் சொல்கிறேன், கதிரையில் போய் இருந்துகொண்டு பயப்படாமல் இருக்க. ஊசி இல்லை, துளைப்பு இல்லை. கன்னத்தை விலக்கிப் பிடிக்க ஒரு பிளாஸ்ரிக் வளையம் வைப்பார்கள், எச்சில் ஒழுகும், வெட்கப்படாதே. பல்லைத் துடைத்து உலர்த்தி, நீலநிறக் களி ஒன்றைச் சின்னத் துளியாய் வைப்பார்கள். அது பொசுபோரிக் அமிலம். அரை நிமிசம் போல வைத்துக் கழுவினால் அந்த இடம் மினுக்கம் போய்ச் சுண்ணாம்பு வெள்ளையாய்த் தெரியும். கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய துவாரங்கள் விழுந்திருக்கும், பசை அதற்குள் இறங்கிப் பிடிக்கும். உலோகத்தில் பெயின்ற் நன்றாய்ப் பிடிக்க அமிலம் பூசுவதைப் பார்த்து 1955இல் மைக்கல் புவனகோர் என்ற அமெரிக்கப் பல் ஆய்வாளர் பல்லில் செய்து பார்த்த வழி அது. அதற்கு முந்தி ஒவ்வொரு பல்லையும் சுற்றி உலோகப் பட்டி மாட்டவேண்டியிருந்தது. இன்றைக்கு வெளியில் தெரியாத கம்பி என்று நாங்கள் கதைக்கவே அந்த அமிலம்தான் காரணம். பிறகு கட்டையை வைத்து, மேலதிகப் பசையைச் சுரண்டி, நீல வெளிச்சம் அடிப்பார்கள், பசை இறுகிவிடும். கடைசியாய்க் கம்பியை ஓடவிட்டு, ஒவ்வொரு கட்டையிலும் சின்ன இறப்பர் வளையம் போட்டுக் கட்டுவார்கள்.

அன்றிரவு ஒன்றும் தெரியாது. அடுத்த நாள் புட்டுக்கூடக் கடிக்க ஏலாது. மூன்று நாலு நாள் பனடோலும் கஞ்சியும். கன்னத்தில் உரசினால் அவர்கள் தருகிற மெழுகை உருட்டி ஒட்டு.

இப்போது உன் முதலாவது கேள்வி. தெரியாதா? றோட்டுக்கு அந்தப்பக்கம் நிற்கிறவருக்குத் தெரியாது. படத்தில் பெரும்பாலும் தெரியாது. கவுண்டருக்கு மற்றப் பக்கம் நின்று காசு வைப்பிலிட வருகிறவருக்குத் தெரியும். கட்டை தெரியாது, ஆனால் கம்பி ஒரு கோடாய் ஓடுவது தெரியும். கம்பிக்கும் வெள்ளைப் பூச்சுப் போட்டு வருகிறது. அது சாப்பிடச் சாப்பிட அங்கங்கே உரிந்து இன்னும் அசிங்கமாய்ப் போவதை நான் கண்டிருக்கிறேன். சாதாரணக் கம்பியே மேல்.

உண்மையில் செரமிக்கைக் காட்டிக்கொடுப்பது கம்பி இல்லை, எங்கள் குசினி. கட்டை கறை பிடிக்காது. அதைக் கட்டியிருக்கிற நிறமில்லாத இறப்பர் வளையம் மஞ்சளை உறிஞ்சும். சொதி, பருப்பு, மீன்குழம்பு, எதில் மஞ்சள் இல்லை? புது வளையம் போட்டு ஒரு நல்ல கறிச் சாப்பாட்டோடு மேல்வரிசை முழுக்க மஞ்சள் புள்ளிகளாய் நிற்கும். வெள்ளைக்காரருக்குச் செய்த சாமான், எங்கள் கறித்தூளைப் பற்றி ஒருவரும் யோசிக்கவில்லை. வழி இருக்கிறது. நாலு தொடக்கம் ஆறு கிழமைக்கு ஒருமுறை கிளினிக்கில் வளையத்தை மாற்றுவார்கள். கலியாணவீடு, விழா என்று இருந்தால் அதற்கு முதல்நாள் மாற்ற நேரம் கேள். சாம்பல்நிற வளையம் கேட்டால் மஞ்சள் அவ்வளவு தெரியாது. வளையமே இல்லாமல் தானே பூட்டிக்கொள்கிற செரமிக் கட்டையும் உண்டு, விலை இன்னும் கூட. என் விருப்பம் என்றால், இரண்டு கிழமை நல்லாய் மறைப்பதற்காக இரண்டு வருசம் சொதியை விடச் சொல்லமாட்டேன்.

ஆனால் சிலதை விடத்தான் வேணும். புழுக்கொடியலைக் கையால்கூடத் தொடாதே. பனங்கிழங்கை நன்றாய்த் தும்பு நீக்கி, துண்டாய் நறுக்கினால் பரவாயில்லை. வற்றாப்பளைப் பொங்கலுக்குப் போனால் கச்சான் சரையை அடுத்தவருக்குக் கொடுத்துவிடு. பினாட்டு, எள்ளுருண்டை, சூப்பிக் கடிக்கிற கரும்பு, நண்டுக்கால், எலும்பு எல்லாம் அதே கணக்கு. முருங்கைக்காயைக் கடித்து இழுக்காமல் வழித்துச் சாப்பிடு. கொய்யாவை வெட்டிச் சாப்பிடு. இதை நான் வாய்ப்பேச்சுக்குச் சொல்லவில்லை. முல்லைத்தீவில் இருந்து பரந்தன் வந்து, ஏ9 ஏறி யாழ்ப்பாணம் போவது நூறு கிலோமீற்றருக்கு மேல். ஒரு கட்டை உடைந்தால் உனக்கு ஒரு நாள் லீவும் பஸ் காசும் போகும். டவுனில் கிளினிக்குக்குப் பக்கத்தில் இருக்கிறவர் செரமிக் போடுவதும் நீ போடுவதும் ஒன்றல்ல.

கழற்றும்போதும் அவதானம் வேணும். உலோகக் கட்டையைக் குறட்டால் நசித்தால் வளைந்து கழன்றுவரும். ஆரம்பகாலச் செரமிக் கட்டைகளை அளவுக்கு மீறின பலமான பசையால் ஒட்டி, கழற்றும்போது எனாமலும் சேர்ந்து பறிந்த சம்பவங்கள் உண்டு. பிறகு அடிப்பக்கத்தின் அமைப்பையே மாற்றினார்கள். இப்போது அதற்கென்று குறடு இருக்கிறது. உடைந்து பல்லில் ஒட்டிக்கிடந்தால் வைரத்துருவியால் அராவி எடுப்பார்கள். கைப்பழக்கம் உள்ளவரிடம் போனால் பயமில்லை.

கனடாவில் இருந்து மாமா சொன்னாராமே, 'கம்பி ஏன், கண்ணாடிக் கவசம் போடு, காசு நான் தாறன்' என்று. 1997இல் கலிபோர்னியாவில் தொடங்கின இன்விசலைன் மாதிரியான சாமான் அது. நல்லதுதான், கழற்றிச் சாப்பிடலாம், மஞ்சள் பிரச்சினையும் இல்லை. ஆனால் நாளுக்கு இருபத்திரண்டு மணித்தியாலம் வாயில் இருக்கவேண்டும். வங்கியில் பத்து மணித் தேத்தண்ணி, மூன்று மணித் தேத்தண்ணி, இடையில் வடை என்று இருக்கிற நீ எத்தனை தரம் கழற்றி மாட்டுவாய்? உயரத்தில் நிற்கிற வேட்டைப்பல்லைக் கீழே இறக்குவதும் அதற்கு லேசான வேலை இல்லை. மாமாவின் காசை வேண்டாம் என்று சொல்லாதே, கம்பிக்கு வாங்கு.

ஆரிடம் போவது என்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய விசயம். பல் வைத்தியர் எல்லாரும் பல்சீரமைப்பு நிபுணர் இல்லை. பேராதனையில் பல்வைத்தியம் முடித்து, பிறகு கொழும்பில் பட்டப்பின் மருத்துவ நிறுவகத்தில் சீரமைப்புக்கென்று வருசக்கணக்காய்ப் படித்து வருகிறவர்தான் நிபுணர். இலங்கை மருத்துவ சபையில் பதிவு இருக்கிறதா என்று கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. அரசாங்க ஆஸ்பத்திரியிலும் நிபுணர் இருக்கிற இடங்களில் கம்பி போடுவார்கள், ஆனால் பிள்ளைகளுக்குத்தான் முதலிடம், காத்திருக்கவேண்டும், வழமையாய்க் கிடைப்பது உலோகம். செரமிக் என்றால் தனியார் கிளினிக்தான். எல்லாம் வெளிநாட்டுச் சாமான், 2022இல் டொலர் ஏறினதோடு விலையும் ஏறிவிட்டது. முழுத்தொகை எவ்வளவு, தவணையாய்க் கட்டலாமா, உடைந்த கட்டைக்குத் தனிக் காசா, கடைசியில் போடுகிற தக்கவைப்புத் தகடு அதற்குள் அடங்குமா என்று முதல்நாளே கேட்டு எழுதி வாங்கு. வங்கிக்காரிக்கு நான் இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

அந்தத் தகட்டை மறந்துவிடாதே. கழற்றின பிறகு பல்லு பழைய இடத்துக்குத் திரும்பப் பார்க்கும். இரவில் தகடு போட்டுக்கொண்டு படுக்கவேண்டும், மாதக்கணக்கில் அல்ல, வருசக்கணக்கில்.

இடம் காணாது என்று மேல்வாயில் இரண்டு பக்கமும் வேட்டைப்பல்லுக்குப் பின்னால் உள்ள பல்லைப் புடுங்கச் சொல்லலாம். பயந்து எழும்பி வராதே. உன் வாய்க்கு அது அநேகமாய்த் தேவைப்படும். இமிற்றேசன் தோடு போட்டால் உனக்குக் காது சிவந்து தண்ணி கட்டுமே, அதையும் வைத்தியருக்குச் சொல்லு. கம்பியில் நிக்கல் இருக்கிறது.

உன்னோடு வேலை செய்கிற வவுனியாப் பிள்ளையும் போட யோசிக்கிறாள் என்று எழுதியிருந்தாய். அவளின் பல்லில் கபிலக் கோடுகள் இருக்கிறதென்றால் அது வெற்றிலையோ தேத்தண்ணியோ இல்லை. வவுனியாப் பக்கத்தில் சில கிணறுகளில் புளோரைட் கூட. உலக சுகாதார நிறுவனம் சொல்கிற எல்லை லீற்றருக்கு 1.5 மில்லிகிராம். சின்ன வயதில் அதற்கு மேலே குடித்து வளர்ந்தால் நிரந்தரப் பல்லில் கறையாய் நிற்கும். அப்படியான எனாமலில் அமிலம் நன்றாய் ஏறாது, கட்டை அடிக்கடி கழரும். கழற்றும்போது எனாமலுக்கும் பயம். அவளுக்கு நான் உலோகம்தான் சொல்வேன். ஒட்டுவதற்கு முதல் பல்லைப் படம் எடுத்து வைக்கச் சொல்லு, பிறகு எந்தக் கறை பழையது, எது புதியது என்று சண்டை வராது.

கடைசியாய் அந்தப் படக் கதை. ஸ்ரூடியோக்காரத் தம்பி உன் வேட்டைப்பல்லைக் கம்பியூட்டரில் இறக்கி வரிசையாக்கி, அதைத்தான் புரோக்கர் பாரிசில் இருக்கிற மாப்பிள்ளை வீட்டாருக்கு அனுப்பினாராம் என்று நீ எழுதியதை வாசித்துவிட்டுச் சிரித்தேன். பிறகு கோபமும் வந்தது. நீ இவ்வளவு அந்தரப்படுவது பல்லுக்காக இல்லை, படத்தில் இருக்கிற பல்லுக்காக. அதற்குப் பல் வைத்தியம் இல்லை. செரமிக் போட்டாலும் அவர்கள் வந்து எதிரில் இருந்து கதைக்கும்போது வேட்டைப்பல்லும் அங்கேயேதான் நிற்கும், கம்பியும் ஓடும். கலியாண நாளுக்காக ஒரு நாள் கம்பியை மட்டும் கழற்றி விடச்சொல்லிக் கேட்கலாம், பல வைத்தியர்கள் செய்வார்கள். வாயில் கம்பியோடு தாலி கட்டினவர்களும் இருக்கிறார்கள்.

அம்மாவுக்குத் தெரியாமல் செய்வது என்ற நினைப்பையும் விடு. ஒரே குசினியில் இரண்டு வருசம் சாப்பிடுகிற பிள்ளையின் வாயில் கம்பி இருப்பது தாய்க்குத் தெரியாமல் போகாது. நானே அவவோடு கதைக்கிறேன், அவ என் தங்கச்சி, எனக்குச் சொல்லத் தெரியும்.

ஆகவே என் முடிவு இது. மேலுக்குச் செரமிக், கீழுக்கு உலோகம், நிபுணரிடம் மட்டும். அதற்கு முதல் முரசைச் சுத்தம் செய்து, உக்கின பல்லு இருந்தால் அடைத்துவிட்டுத்தான் தொடங்கவேணும், அதை இங்கே கிளிநொச்சியிலேயே செய்யலாம். மாத முடிவு வேலை குறைந்தபிறகு ஒரு வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டு வியாழன் பின்னேரமே இங்கே வந்துவிடு, தாடை முழுவதுக்குமான ஓபிஜி எக்ஸ்ரே எடுத்துக்கொண்டு யாழ்ப்பாணம் போவோம், நானும் கூட வருகிறேன். வர முதல் ஒரு வேலை செய். உன் போனில் எடுத்த, நீ வாய்விட்டுச் சிரிக்கிற படம் ஒன்றை, ஒன்றும் திருத்தாமல், புரோக்கருக்கு அனுப்பி, பாரிசுக்கு அதைக் காட்டச் சொல்லு.

அன்புடன்,
பெரியம்மா